கரையை விட்டு விலகிய தண்ணீர்

போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒல்லாந்தில் ஓர் ஆற்றங்கரை ஊரில் நடந்தது இது. லண்டனுக்குத் திரும்பி வந்து பல மாதங்கள் ஆகிவிட்டன. இன்னும் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. சொல்லத் தொடங்கினால் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறேன். எழுதினால் அந்த இடத்தைத் தாண்டிப் போக முடியுமோ என்று பார்க்கிறேன்.

ஊரின் பெயர் வேண்டாம். ரைன் ஆறு ஒல்லாந்துக்குள் வந்ததும் பிரிகிறது. அதில் பெரிய கிளையின் கரையில் இருக்கிற பழைய ஊர். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊரைச் சுற்றியிருக்கிற அகழியையும் மண்மேட்டையும் கண்டதும் இரண்டையும் கட்டியவர்கள் ஒரே ஆட்கள்தான் என்று விளங்கிவிடும். ஒரு காலத்தில் ஆற்றால் பிழைத்த ஊராம். நாங்கள் போன காலத்திலேயே அது போய்விட்டது. காலையில் ரயில் ஏறிப் பெரிய நகரங்களுக்கு வேலைக்குப் போய்விட்டு, இரவு படுக்க வருகிறவர்களின் ஊராகிவிட்டது. படகு கட்டிய பட்டறை இருந்த இடத்தில் பால்கனி வைத்த தொடர்மாடிகள். ரயில் நிலையத்தில் சைக்கிள் விடுவதற்குத்தான் இடம் போதாது.

நானும் கணவரும் அங்கே ஒன்பது வருடம் அப்படித்தான் இருந்தோம். அகதியாகப் போய், விசா கிடைத்தபின், ரயில் பாதைக்கு மறுபக்கம் புதிதாகக் கட்டிய குடியிருப்பில் ஒரு வீடு கிடைத்தது. அவருக்குப் பொதிகள் அடுக்கும் களஞ்சியத்தில் வேலை. எனக்கு முதியோர் இல்லமொன்றின் சமையலறையில். எந்த ரயிலில் எந்தப் பெட்டி, இறங்குமிடத்துப் படிக்கட்டுக்கு நேராக நிற்கும் என்று எனக்குத் தெரியும். ஆற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. ரயில் ஊரை விட்டதும் ஒரு நீளமான பாலத்தில் ஆற்றைக் கடக்கும். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டிய கருங்கல் அணைகளும், அவற்றுக்கு நடுவே பிறை பிறையாக வெள்ளை மணலும் மேலிருந்து தெரியும். “ஒரு நாளைக்கு இறங்கிப் போய்ப் பாப்பம்” என்று அவர் சொல்லுவார். ஒன்பது வருடமும் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து தூங்குவோம்.

பிறகு, அங்கிருந்த மற்றத் தமிழர்களைப் போல நாங்களும் ஒல்லாந்துக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்தோம். தென் லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் வீடு. இங்கே வந்த பிறகுதான், இனி இல்லை என்று விட்டுவிட்ட காலத்தில், எங்கள் மகன் பிறந்தான். ஒரே பிள்ளை. அவனுக்கு இப்போது பன்னிரண்டு வயது. நான் எப்படிப்பட்ட தாய் என்பதையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடத்துக்கு ட்ராமில் போகிறவன் ஏறியதும் ஒரு செய்தி அனுப்பவேண்டும், இறங்கியதும் ஒன்று. குளிர் என்றால் தொப்பி, வெயில் என்றாலும் தொப்பி. அவன் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது வேண்டாம் என்ற சொல்தான். “அம்மாவிட்டக் கேட்டு வேலையில்லை, ஆன்சர் நோ தான்” என்று தகப்பனிடம் சொல்லிச் சிரிப்பான்.

எங்களோடு என் அக்காவும் இருக்கிறார். முல்லைத்தீவில் கடற்கரைக்குக் கிட்ட வாழ்க்கைப்பட்டவர். சுனாமி வந்த அன்று அவருடைய ஒன்பது வயது மகன் போய்விட்டான். அத்தானை அதற்குப் பிறகு போரில் இழந்தார். போர் முடிந்து சில வருடங்களில் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்.

சுனாமிச் செய்தி எனக்கு வந்தது அந்த ஒல்லாந்து வீட்டின் சமையலறையில் வைத்துத்தான். நத்தார் என்று நாங்கள் சொல்லும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அங்கேயும் விடுமுறை. முதல் நாள் வெட்டிய கேக் மேசையில் மூடாமல் கிடந்தது. அக்காவின் குரலைக் கேட்கப் பல நாட்கள் ஆயின. கிடைத்தபோது அவர் அழவில்லை. பாடம் ஒப்புவிப்பது போலச் சொன்னார். முதலில் தண்ணீர் கொஞ்சம் ஏறி வந்ததாம். பிறகு கடல் உள்ளுக்கு வாங்கிவிட்டதாம். ஒருநாளும் தெரியாத தரையெல்லாம் தெரிந்ததாம். “மீன் துடிச்சுக்கொண்டு கிடந்தது. பிள்ளையள் பொறுக்க ஓடிச்சினம்.” அவ்வளவுதான். நான்தான் ஓயாமல் பேசினேன். உங்களுக்கு எப்படித் தெரியும் அக்கா, யாருக்குத்தான் தெரியும், உங்களில் என்ன பிழை என்று. அதற்குப் பிறகு இருபது வருடமாக டிசம்பர் மாதம் வரும்போதெல்லாம் அதையே சொல்லிவந்தேன். சொன்னால் அக்கா எழும்பி வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். ஆறுதல் அடைந்துவிட்டார் என்று நான் நினைப்பேன்.

அவருடைய பெட்டியில் ஒரு சின்னச் சட்டை இருக்கிறது. அந்த நத்தாருக்குத் தைத்தது. கடல் வீட்டையே கொண்டுபோனபோது அந்தச் சட்டை மட்டும் எப்படி மிஞ்சியது என்று நான் கேட்டதில்லை.

போன வருடம் அக்காவுக்குப் பிரித்தானியக் கடவுச்சீட்டுக் கிடைத்தது. முதல் பயணமாக எங்கே போகலாம் என்று பேச்சு வந்தபோது, நாங்கள் இருந்த ஊரை மகனுக்கும் அக்காவுக்கும் காட்டுவோம் என்றார் கணவர். அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அங்க கடல் இருக்கோ?”

“கடல் எங்கயோ தூரத்தில, மச்சாள். இது ஆறு. எங்கட குளம் மாதிரிச் சாதுவான தண்ணி” என்றார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை. பாலத்தின் மேலிருந்து பார்த்தால் அது அப்படித்தான் தெரியும்.

கடலுக்கு அடியால் போகிற சுரங்க ரயிலில் காரை ஏற்றிக் கொண்டுபோய், மறுநாள் மத்தியானம் ஊருக்குள் நுழைந்தோம். நல்ல வெயில். எங்கள் பழைய வீட்டு வாசலில் யாரோ ஒருவருடைய மூன்று சைக்கிள்கள் நின்றன. மகனுக்கு அலுப்பு. “இவ்வளவுதானா?” என்று கேட்டான். மயோனைஸ் ஊற்றிய சிப்ஸ் வாங்கிக் கொடுத்தோம், கொஞ்சம் சமாதானமானான். தெருக்களில் ஆளே இல்லை. எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அப்போதுதான் கணவருக்கு அந்த மணல் ஞாபகம் வந்தது. “இண்டைக்காவது இறங்குவம்.”

வெள்ளம் வராமல் கட்டிய அணைக்கட்டில் ஏறி, புல்லுக்குள்ளால் இறங்கினால் மணல். இரண்டு கல்லணைகளுக்கு நடுவே ஒதுக்கமான சின்னக் கரை. தண்ணீர் ஆடவில்லை. நீந்தக் கூடாது என்று ஒரு பலகை இருந்தது. நாங்கள் நீந்த வரவில்லையே. ஒரு மனிதர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். வேறு ஒருவரும் இல்லை.

அக்கா அணைக்கட்டுச் சரிவிலேயே இருந்துவிட்டார். கணவர் பகிடி விட்டார்.

“மச்சாள், இது உங்கட கடலில்லை. வந்து காலை நனையுங்கோ. கடிக்காது.”

“நீங்கள் நில்லுங்கோ. நான் இஞ்ச இருந்து பாக்கிறன்.”

பயத்தில் ஒதுங்கி இருக்கிறார் என்று நினைத்தோம். எங்களில் யாரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பதும், அவர் ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் உறைத்தது.

மகன் சப்பாத்தைக் கழற்றி, கால்சட்டையை மடித்துவிட்டான். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வரக்கூடாது என்று நான் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன். அவனும் கேட்டான். நல்ல பிள்ளை, கரை ஓரமாகவே நடந்தான்.

அப்போது ஒரு கப்பல் வந்தது. கப்பல் என்று சொல்வதா தெரியவில்லை. தட்டையான இரும்புப் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்து, பின்னாலிருந்து ஒரு எஞ்சின் தள்ளிக்கொண்டு வந்தது. ஒரு தெருவே மிதந்து வருவது போல நீளம். கரிய மண்ணோ நிலக்கரியோ நிறைத்திருந்தார்கள். பாரத்தில் விளிம்பு தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்திருந்தது. மெதுவாகத்தான் வந்தது, பெரிய சத்தமும் இல்லை. கணவர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். நானும் அதைத்தான் பார்த்தேன்.

மகன் கூப்பிட்டான். “அம்மா, லுக். தண்ணி போகுது.”

குனிந்து பார்த்தேன். அவன் காலடியில் இருந்த தண்ணீர் சத்தமில்லாமல் விலகிக்கொண்டிருந்தது. குளியல் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டது போல. ஈர மணல் மினுங்கியது. அதில் சிப்பிகள், வழவழப்பான கற்கள், ஒரு பழைய நங்கூரத்தின் வளையம் போல ஏதோ ஒன்று. அழகாக இருந்தது. உண்மையாகவே அழகாக இருந்தது.

மகன் அந்த வளையத்தைக் கையால் காட்டிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். வழமையான நோ வரும் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் அது ஞாபகம் வந்தது. பயணம் வந்த இடத்திலும் பிள்ளையை மறித்துக்கொண்டே இருக்கிறேனே என்று நினைத்தேன். தண்ணீர்தான் இல்லையே, வெறும் மணல்தானே.

“போ, போய் எடு” என்றேன்.

அவன் சந்தோஷமாக ஓடினான்.

நான் நின்றுவிடுகிற இடம் இதுதான்.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சொல் இல்லை, சத்தம். அக்காவுக்கு முழங்கால் வருத்தம். படி இறங்கக் கைப்பிடி வேண்டும். அவர் அந்தச் சரிவில் ஓடி வந்தார். விழுந்து எழும்பி ஓடி வந்தார். “வா, மேல வா, ஓடி வா” என்று அவர் கத்தியது என் மகனைப் பார்த்து. அவன் குனிந்து மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். நான் அக்காவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது, பாவம் என்று நினைத்தேன். என் பிள்ளைக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்தபோது நான் நினைத்தது அதைத்தான்.

எங்கள் கடல் அலை போல அது உயர்ந்து வரவில்லை. கல்லணையின் ஓரத்தால் சாய்ந்து, சேறு கலங்கி, ஒரு பக்கமாக வந்தது. மகனின் இடுப்பளவுதான் இருக்கும். நின்று பிடித்துவிடுவான் என்று கண் சொன்னது. அவன் நிற்கவில்லை. கால் இரண்டையும் யாரோ இழுத்தது போல விழுந்தான். கரைக்கு அடித்த தண்ணீர் அடுத்த நொடியே வெளியே இழுத்தது. அவன் தலை கல்லணையின் பக்கமாகப் போய் மறைந்தது.

அக்கா என்னைத் தாண்டிப் போனார். இருபது வருடமாகக் கடல் தண்ணீரில் கால் நனைக்காதவர், உடுத்த உடுப்போடு தண்ணீருக்குள் போனார். அவருக்கு நீந்தத் தெரியாது. நெஞ்சளவு தண்ணீரில் எப்படிப் போய் அவனுடைய சட்டையைப் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. பிடித்ததும் இரண்டு பேரையும் தண்ணீர் கல்லில் கொண்டுபோய் அடித்தது. அக்கா ஒரு கையைக் கல் இடுக்குக்குள் செருகிக்கொண்டார். மற்றக் கையில் பிள்ளை. தண்ணீர் இன்னொரு தரம் விலகி, இன்னொரு தரம் வந்தது. அந்தக் கை இடுக்குக்குள்ளேயே முறிந்தது. அவர் எடுக்கவில்லை.

கணவர் கல்லணை மேல் ஓடி, வழுக்கி, படுத்துக்கொண்டு கையை நீட்டினார். எட்டவில்லை. நாயோடு வந்த மனிதர் ஓடிப்போய் அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்துக்கொண்டு அவரைக் கீழே இறக்கினார். முதலில் மகனை இழுத்தார்கள். பிறகு அக்காவை. நான் மணலில் நின்றேன். கூப்பிட்டேனா, அழுதேனா என்றுகூட எனக்குத் தெரியாது. கப்பல் பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டிருந்தது. அதில் இருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்காது.

மகன் மூச்சு விடவில்லை. அந்த மனிதர்தான் அவனைக் கிடத்தி, நெஞ்சை அழுத்தி, வாயோடு வாய் வைத்து ஊதினார். நாய் பக்கத்தில் நின்று குரைத்துக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஒரு நிமிடமாகவும் இருக்கலாம். பிறகு அவன் சேற்றுத் தண்ணீராகக் கக்கி, இருமி, அழுதான்.

அம்புலன்ஸ் வருவதற்குள் அந்த மனிதர் தன் மேற்சட்டையைக் கழற்றி மகனைப் போர்த்தினார். கோபமாக இருந்தார். பெரிய கப்பல் போகும்போது கரைத் தண்ணீரை அப்படியே தன் பக்கம் உறிஞ்சும், பிறகு திருப்பி அடிக்கும், இங்கே இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும் என்றார். வெளியூர் ஆட்கள்தான் வந்து இப்படி அகப்படுகிறார்கள் என்றும் சொன்னார்.

நான் அவருடைய மொழியிலேயே சொன்னேன். “நாங்கள் வெளியூர் இல்லை. ஒன்பது வருடம் இங்கேதான் இருந்தோம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கே என்று கேட்டார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் என்றேன். மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. அவருடைய பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளக் கூட எனக்குப் புத்தி வரவில்லை.

பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் மகனை வைத்திருந்தார்கள். நெற்றியில் தையல், தோள் எலும்பு முறிவு, நுரையீரலில் தண்ணீர். அக்காவின் கைக்கு ஒப்பரேஷன். மறுநாள் காலை அவன் கண்ணை விழித்துப் பசிக்குது என்றான். கணவரை அவனுடன் விட்டுவிட்டு அக்காவின் அறைக்குப் போனேன். நன்றி சொல்லப் போனேன் என்றுதான் நினைக்கிறேன். காலில் விழுந்திருப்பேன்.

அக்கா யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவர் கேட்டார்.

“நீ போ எண்டு சொன்னனியோ?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

“ஓம், அக்கா.”

“அவன் உன்னைத் திரும்பிப் பாத்தவன். மேல இருந்து கண்டனான்.”

நான் அழத் தொடங்கினேன். அவர் அழவில்லை. அன்றைக்குத் தொலைபேசியில் சொன்னது போலவே, ஒப்புவிப்பது போலச் சொன்னார்.

“என்ர பிள்ளையும் திரும்பிப் பாத்தவன். எல்லாரும் ஓடேக்க அவன் மட்டும் நிண்டவன். நத்தார்ச் சட்டை, நனைச்சால் ஏசுவன் எண்டு பயம். நான்தான் கூப்பிட்டுச் சட்டையைக் கழட்டினனான். இனிப் போ, போய்ப் பொறுக்கு, கறிக்கு ஆகும் எண்டனான்.” யன்னலிலிருந்து முகத்தைத் திருப்பாமலே சொன்னார். “சட்டை என்ர கையில சுத்தின படி இருந்தது. தண்ணி அதைக் கொண்டுபோகேல்லை.”

நான் அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இருபது வருடமாகச் சொல்லிவந்த வசனம் தொண்டை வரை வந்தது. சொல்லவில்லை.

லண்டனுக்கு வந்துவிட்டோம். மகனுக்குத் தோள் பொருந்திவிட்டது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது ஒரு வீரக் கதை. பெரியம்மா லெஜண்ட் என்று சிநேகிதர்களிடம் சொல்கிறான். நெற்றித் தழும்பைக் காட்டுகிறான். நான் போ என்று சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மறந்துவிட்டானா, எனக்காக மறைக்கிறானா தெரியாது. கேட்கத் தைரியமில்லை. அக்காவின் விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. கோயிலில் எல்லோரும் வந்து அவரைப் புகழ்கிறார்கள். அவர் இப்போது பூசை முடியும் முன்பே எழும்பி வெளியே போய் ட்ராம் நிறுத்தத்தில் நிற்கிறார். போன டிசம்பரில், பெட்டியைத் திறந்து அந்தச் சட்டையைத் தோய்த்து, அடுப்படிக் கொடியில் காயப் போட்டார். நானும் கூட நின்றேன்.

உனக்கு எப்படித் தெரியும், யாருக்குத்தான் தெரியும், உன்னில் என்ன பிழை என்று இப்போது எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். என் பிள்ளை பக்கத்து அறையில் மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆறுதல் என்னிடம் எடுபடவில்லை, அதை இருபது வருடம் அக்கா என் வாயால் எப்படிக் கேட்டுக்கொண்டிருந்தாரோ என்றுதான் தினமும் நினைக்கிறேன்.